கஞ்சிப்பாசிக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன

மூக்கை என்னத்துக்குத் தம்பி பொத்துறீக? செத்த எலியா வச்சிருக்கேன்? பாசி தம்பி. கடல் பாசி, காஞ்சது. இதைத்தான் அரைச்சு, பச்சை டப்பாவுல அடைச்சு, மேல ஒரு பொம்பள சிரிக்கிற மாதிரி படம் ஒட்டி வித்தா, உங்கள மாதிரி டவுன்காரவுக காலையில வெந்நியில கலக்கிக் குடிக்கிறீக. அப்ப மட்டும் மணக்கும்.

சரி சரி, ஜன்னலைத் திறந்துக்கங்க. ரெண்டு பைதான், சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன். நான் தொண்டியில இறங்கிருவேன். நீங்க மீமிசலா? அப்ப தொண்டி வரைக்கும் நாத்தத்தைப் பொறுத்துக்க வேண்டியதுதான்.

என் பேரு வில்லாயுதம். மண்டபம் பக்கம் இறங்கி பாசி ஏஜெண்டு வீடு எதுன்னு யாருகிட்ட வேணாலும் கேளுங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போவாக. பொம்பளைக கடல்ல இறங்கிப் பறிச்சுட்டு வர்ற பாசியை வாங்கி, காய வச்சு, மூட்டை கட்டிக் கம்பெனிகளுக்கு அனுப்புற வேலை. பதினொரு வருசம். பதினொரு வருசத்துல ஒரு மூட்டை சரியில்லைன்னு திரும்பி வந்ததில்ல. காரணம் இந்தக் கை. பாசியை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ஒரு தேய் தேய்ப்பேன். அம்புட்டுத்தான், தரம் தெரிஞ்சு போகும். கம்பெனிக்காரன் மிஷின்ல போட்டுப் பாக்குறதை நான் நின்ன எடத்துல சொல்லிருவேன்.

இப்ப எங்க போறேன்னா, என் சம்சாரம் தொண்டியில அவ அண்ணன் வீட்டுல இருக்கா. ரெண்டு மாசமாச்சு. கூட்டிட்டு வரப் போறேன். கெஞ்சப் போறேன்னு நெனச்சுராதீக. ஆம்பள கொஞ்சம் பெருந்தன்மையா நடந்துக்கிட்டா தப்பில்லன்னு போறேன். திங்கக்கிழமை கம்பெனி லாரி வருது. இந்தத் தடவையும் பாசி சரியில்லைன்னா என் பேரையே எடுத்துருவாகளாம், பெறகு நான் ஏஜெண்டே கிடையாது. ஆனா அதுக்கும் இவளைக் கூப்பிடப் போறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பேச்சுக்குச் சொன்னேன்.

மொதல்ல இருந்து சொல்றேன், யாரு கூறுகெட்டதுன்னு நீங்களே சொல்லுங்க.

தை மாசம் கோயமுத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. சிந்துஜான்னு பேரு. சத்துப்பொடி தயாரிக்கிற கம்பெனி ஒண்ணு எங்க பாசியை வாங்குறதா இருந்தாக. அவுக லேபுல வேலை பாக்குற பொண்ணு. முதுகுல பை, தலையில தொப்பி, கையில இருபது குப்பி. பாசியை எடுத்துட்டுப் போக வந்திருக்குன்னு பாத்தா, தண்ணியை மோந்து மோந்து குப்பியில அடைக்குது. "ஏம்மா, நீங்க வாங்கப் போறது பாசியையா, கடலையா?"ன்னு கேட்டேன். பொம்பளைக எல்லாம் சிரிச்சாளுக. அந்தப் பொண்ணும் சேந்து சிரிக்குது. ரோசமே கிடையாது.

பெறகு நோட்டை விரிச்சுக்கிட்டுக் கேள்வி மேல கேள்வி. இது வடகடல்ல பறிச்சதா, தென்கடல்ல பறிச்சதா? எங்க ஊருக்கு ரெண்டு பக்கமும் கடல் தம்பி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் இறங்க முடியும். மழைக்கு முன்னாடி பறிச்சதா, பின்னாடி பறிச்சதா? தண்ணி கலங்கலா கெடந்துச்சா, தெளிஞ்சு கெடந்துச்சா? நான் சொன்னேன், "அம்மாடி, இது கஞ்சிப்பாசி. கஞ்சி காச்சுற பாசி. எந்தத் தண்ணியா இருந்தா என்ன? வடகடல் உப்பு, தென்கடல் இனிப்பா?"

"அப்படி இல்ல சார். பாசிக்கு வேரு கிடையாது. தண்ணியில என்ன கரைஞ்சிருக்கோ அதை உடம்பு முழுக்க உறிஞ்சுது. தண்ணி மாறினா பாசியோட சத்தும் மாறும்"னு எனக்குப் பாடம் எடுக்குது. எனக்கு! நண்டுக்கும் நத்தைக்கும் வித்தியாசம் தெரியாத பொண்ணு!

அதாவது பரவாயில்ல. அப்ப களஞ்சியம், அதான் என் சம்சாரம், ஓரமா மூட்டை தைச்சுக்கிட்டிருந்தவ, கையில கோணூசியோட எந்திரிச்சு வந்தா. வந்து அவ பாட்டுக்குச் சொல்றா: "வாடைக்கு மழை பெஞ்சு, ஓடைத்தண்ணி கடல்ல இறங்கி, கலங்கலாக் கெடந்து, அதுக்குப் பெறகு பறிச்சா பாசி கருகருன்னு இருக்கும்மா. காச்சினா கெட்டியா உறையாது. ஆனா உடம்புக்குத் தெம்பு. பிள்ளை பெத்தவளுக்கு அதைத்தான் குடுப்போம். சித்திரையில தண்ணி கண்ணாடி மாதிரி நின்னு சுடும் பாருங்க, அப்பப் பறிக்கிறது வெளுத்துப் போயிரும். அது நல்லா உறையும், கத்தி வச்சு வெட்டலாம். வாய்க்கு நல்லாருக்கும், உடம்புல ஒட்டாது."

அந்தப் பொண்ணுக்கு வாயெல்லாம் பல்லு. "அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கிறேன்"ங்குது. கறுத்ததுல புரதம் கூடுதலாம், வெளுத்ததுல மாவுச்சத்து கூடுதலாம். "இதைக் கண்டுபிடிக்க எங்க லேபுல மூணு வருசம் ஆச்சு அக்கா"ங்குது. அதுக்குப் பெறகு என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. நான் தோணிக்கட்டை மாதிரி அங்க நிக்கிறேன். இருபது பொம்பளைக வேடிக்கை பாக்குறாளுக.

நீங்களா இருந்தாப் பொறுப்பீகளா? "ஏ புள்ள, நீ மூணாங்கிளாஸையே முடிக்கல, லேபுக்காரவுகளுக்குப் பாடம் எடுக்குறியா? போயி டீயைப் போட்டு எடுத்துட்டு வா"ன்னேன். தமாசுக்குத்தான் சொன்னேன். இந்தத் தடவை ஒருத்தியும் சிரிக்கல. பொம்பளைகளுக்குத் தமாசு புரியாது தம்பி.

டீ வந்துச்சு. அந்தப் பொண்ணு டீயைக் குடிச்சுட்டு என்ன பண்ணுச்சு தெரியுமா? கொட்டகைக்குள்ள போயி, மூட்டைகளோட வாயைப் போட்டோ எடுக்குது. என்னத்தை எடுக்குதுன்னு பாத்தா, களஞ்சியம் கட்டி வச்சிருந்த துணியை. அவகிட்ட அப்படி ஒரு பழக்கம். மூட்டையைத் தைச்சு முடிச்சதும் பழைய சேலையில ஒரு துண்டைக் கிழிச்சு வாயில கட்டுவா. கலங்கல் தண்ணிப் பாசின்னா சிவப்பு, தெளிஞ்ச தண்ணிப் பாசின்னா வெள்ளை. நான் ஏதோ சாமிக்குக் கட்டுறான்னு இருந்தேன். லாரி வந்தா அவதான் பக்கத்துல நின்னு, "வெள்ளை கட்டினதை ஜெல்லி காச்சுற கம்பெனிக்கு ஏத்துங்க, சிவப்பு தீவனக் கம்பெனிக்கு"ம்பா. ஏதாவது சொல்லாட்டி அவளுக்குப் பொழுது போகாது, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டிருந்தேன். தரம் பாக்குறது நான்தான? தேய்ச்சுப் பாக்குறது இந்தக் கைதான?

அந்தப் பொண்ணு சிவப்புத் துணி மூட்டையில இருந்து கொஞ்சம் பாசியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு. மறுநாள் காலையில நான் கொட்டகைக்குள்ள போனேன். அறுபது மூட்டை. ஒண்ணு விடாம துணியை அவுத்து அடுப்புல போட்டேன். என் மூட்டைக்கு என் கை போதும், கிழிஞ்ச சேலை வேண்டாம். அவ தடுக்கல. "இங்கேருங்க, எல்லாம் கலந்துரும்"னு ஒரே ஒரு தடவை சொன்னா. அம்புட்டுத்தான். அவ கத்தியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அவ கத்த மாட்டா, அதுதான் அவகிட்ட இருக்கிற திமிரு.

மாசியில ரிப்போர்ட் வந்துச்சு. பிரமாதமாம். இந்தக் கடற்கரையில இவ்வளவு புரதம் உள்ள பாசியை அவுக பாத்ததே இல்லையாம். டப்பாவுல போட அந்தக் கணக்கையே அச்சடிச்சுட்டாக. நான் என்ன சொன்னேன்? கை, தம்பி, கை!

சித்திரையில மொத லோடு போச்சு. பத்தாம் நாள் கம்பெனி மேனேஜரே கார்ல வந்து இறங்குறாரு. கையில காகிதம். டப்பாவுல போட்டிருக்கிற சத்துல பாதிகூட இல்லையாம். ஒரு மூட்டையில இருக்காம், அடுத்த மூட்டையில இல்லையாம். காய வச்சுக்கிட்டிருந்த எடத்துலேயே, அத்தனை பொம்பளைகளுக்கு நடுவுல வச்சு, "என்ன வில்லாயுதம், சாம்பிளுக்கு ஒண்ணு, லோடுக்கு ஒண்ணா?"ன்னு கேக்குறாரு.

எப்படி இருக்கும் எனக்கு? பதினொரு வருசப் பேரு. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாக. களஞ்சியம் ஓரத்துல நின்னா. சட்டுன்னு வாயில வந்துருச்சு. "நான் என்ன சார் பண்ண, வீட்டுக்குள்ளேயே திருடியை வச்சிருக்கேன். நல்ல மூட்டையை எல்லாம் இவ அண்ணன் வீட்டுக்குக் கடத்திட்டு மட்டத்தை வச்சுட்டா"ன்னு சொல்லிட்டேன்.

மேனேஜர் நம்பிட்டாரு. இன்னொரு லோடு அனுப்பச் சொல்லிட்டுப் போயிட்டாரு. காரியம் முடிஞ்சுச்சு.

அன்னைக்குப் பூரா அவ பாட்டுக்கு வேலையைப் பாத்தா. பறிச்சுட்டு வந்த பாசியை உதறிக் காயப் போட்டா, சோறாக்கினா, எனக்குப் போட்டா. விடிஞ்சு பாத்தா ஆள் இல்ல. தொண்டிக்குப் போயிட்டா. கோபம்னா நாலு வார்த்தை திட்டிட்டுப் போக வேண்டியதுதான? ஊமைக் குசும்பு.

போனாப் போகட்டும்னு வேலையைப் பாத்தேன். கறுப்புப் பாசிதான வேணும்? கறுப்பு எங்க வளருதுன்னு எனக்குத் தெரியாதா? படகுப் பட்டறை இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி சாக்கடையும் பெயிண்டுக் கழிவும் கடல்ல இறங்குது. அங்க பாசி எருமைக்கன்னுக்குட்டி மாதிரி மினுமினுன்னு வளந்து கெடக்கு. பொம்பளைக அங்க இறங்க மாட்டோம்னு சொல்லிட்டாளுக. அரிக்குதாம். அதுமட்டுமா, களஞ்சியம் போனதுல இருந்து எல்லாத்துக்கும் சட்டம் பேசுறாளுக. மாசத்துல பன்னெண்டு நாளைக்கு மேல பறிக்கக் கூடாதாம், பாசி மறுபடி வளர வேணுமாம். சரித்தான் போங்கடின்னுட்டு, வெளியூர் ஆம்பளைக நாலு பேரை விட்டுப் பறிச்சேன். தேய்ச்சுப் பாத்தேன். கை சொல்லிருச்சு, முதல் தரம்னு.

லேபுல பாத்தா புரதம் முன்னைய விடக் கூட! நான் சொன்னேன்ல? ஆனா கூடவே ஈயம் இருக்காம். வெசமாம். மொத்த லோடையும் குழி வெட்டிப் புதைச்சுட்டாக. அந்தப் பொண்ணு போன்ல சொல்லுது, "சார், பாசி நல்லதை மட்டும் பாத்து எடுத்துக்காது. சாக்கடையில இருக்கிற சத்தையும் உறிஞ்சும், வெசத்தையும் உறிஞ்சும். இதைச் சின்னப் பிள்ளைக குடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" சத்து கேட்டாக, குடுத்தேன். இப்ப ஈயம்ங்கிறாக. நாளைக்கு வேற ஏதாவது சொல்லுவாக. திருப்திங்கிறதே கிடையாது.

அதோட விட்டுச்சா அந்தப் பொண்ணு? "அக்காவைக் கேக்காமலா பறிச்சீங்க?"ன்னு ஒரு கேள்வி. எனக்கு வந்துச்சு பாருங்க! நான் ஏஜெண்டா, அவ ஏஜெண்டா?

இப்பக் கடைசித் தடவையா திங்கக்கிழமை லாரி அனுப்புறாக. கொட்டகையில ரெண்டு அம்பாரம் கெடக்கு. ஒண்ணு மழைக்குப் பெறகு பறிச்சது, இன்னொண்ணு பங்குனி வெயில்ல பறிச்சது. எது எதுன்னு எனக்குத் தெரியும். தெரியாமலா? தேய்ச்சுப் பாத்தேன். ரெண்டும்... காஞ்சு மாசக்கணக்காச்சுல்ல, வெயில்ல கெடந்து நெறமெல்லாம் போயிருச்சு. கையிலயும் இப்பக் காப்புக் காய்ச்சிருச்சு. அதான் ரெண்டுலயும் கொஞ்சம் எடுத்து, பையில போட்டு எடுத்துட்டுப் போறேன்.

அவகிட்டக் கேக்க இல்ல! நல்லாருக்கே கதை. அவகிட்டப் போயி நான் கேப்பேனா? ரெண்டு பையையும் அவ அண்ணன் வீட்டு அடுப்படியில வச்சுட்டு, "பசிக்குது, கஞ்சி காச்சு"ம்பேன். புருசன் வந்திருக்கான், உடம்புக்குத் தெம்பானதைத்தான எடுப்பா? எந்தப் பையில கையை விடுறான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டா முடிஞ்சுது. மூளை வேணும் தம்பி எல்லாத்துக்கும்.

இருங்க, போன் அடிக்குது. அவ அண்ணன் நம்பரு.

அலோ... ஆமா, நான்தான். ஓ, நீயா புள்ள... பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன். திருப்பாலைக்குடி தாண்டிருச்சு... சும்மாதான் வர்றேன். பொண்டாட்டியைப் பாக்க வர்றதுக்குக் காரணம் வேணுமா?... பையா? எந்தப் பை?... யாரு சொன்னா உனக்கு? அந்தப் பக்கத்து வீட்டு நம்புராணியா? அவளுக்கு வேற வேலையே கிடையாதா?... சரி, இருக்கு, ரெண்டு பை இருக்கு. அதுக்கு என்ன இப்ப?

... அது எதுக்கு இப்ப? வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்... ஏ புள்ள, பஸ்ஸுல இருக்கேன், சுத்தி ஆளுக இருக்காக...

கேட்டீகளா தம்பி? "ஆளுக முன்னாடிதான திருடின்னு சொன்னீங்க"ங்கிறா. எம்புட்டு வாய் பாத்தீகளா? "பாசியை நான் பாத்துச் சொல்றேன், ஒரு நிமிசத்துல சொல்லிருவேன், ஆனா அதுக்கு முன்னாடி நான் எடுக்கலைன்னு நாலு பேரு கேக்கச் சொல்லுங்க, அப்படிச் சொன்னாத்தான் அண்ணன் வீட்டு வாசப்படி ஏறணும்"ங்கிறா. எனக்கே சட்டம் போடுறா.

வைடி போனை! வந்து வச்சுக்கிறேன்.

சட்டைப் பையில போட்டாச்சு. கெடக்கட்டும். நாலு பேரு கேக்கச் சொல்லணுமாம். மந்திரியா இவ? மன்னிப்புக் கேட்டுப் பேப்பர்ல போடணுமாக்கும்?

என்ன தம்பி அப்படிப் பாக்குறீக? நீங்களும் அவ கட்சியா? கேக்குறதைக் கேளுங்களேன் வாயத் தொறந்து. எடுத்தாளா, எடுக்கலையான்னுதான?

எடுக்கல.

எடுக்கல தம்பி. எனக்கு அன்னைக்கே தெரியும். லோடு ஏத்துற வரைக்கும் அறுபது மூட்டையும் கொட்டகையிலதான் இருந்துச்சு. அவ அண்ணன் மீன் வெட்டுறவன், அவனுக்குப் பாசி என்னத்துக்கு? பதினொரு வருசத்துல எங்க கொட்டகையில இருந்து அவ ஒரு கயித்துத் துண்டு எடுத்ததில்ல. கம்பெனிக்காரன் மூஞ்சிக்கு முன்னாடி எனக்குச் சொல்லத் தெரியல, பக்கத்துல அவ நின்னா, அவ மேல தூக்கிப் போட்டேன். அவ அப்ப என்னைய ஒரு பார்வை பாத்தா. அதை நெனச்சா இப்பவும் சோறு இறங்க மாட்டேங்குது. கைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேன். என் கைக்கு என்ன தெரியும்? அவ கட்டின துணியைப் பாத்துக்கிட்டே தேய்ச்சிருக்கேன் இத்தனை வருசமும்.

உங்ககிட்டச் சொல்ல வருது. யாரோ எவரோ, மீமிசல் போறவரு. அவகிட்டச் சொல்ல வாய் வர மாட்டேங்குது.

என்னது? எங்கே சத்தம் வருது? என் சட்டைப் பையிலயா?

அட கெரகமே, கட் பண்ணலையா நான்?

அலோ... நீ இன்னும் வைக்கலையா?... ஒட்டுக் கேட்டுக்கிட்டா இருந்த? வெக்கமா இல்ல?... எல்லாத்தையுமா கேட்ட?... அழுவாத. ஏ புள்ள, அழுவாத இப்ப... கேட்டுருச்சுல்ல, அப்பறம் என்ன?... ஒருத்தருகிட்டச் சொன்னாப் பத்தாதா? இந்தத் தம்பி படிச்சவரு, பத்து பேருக்குச் சமம்... சரி... சரிம்மா... வைக்காத, லைன்லயே இரு. கேட்டுக்க.

என்ன சொன்னான்னு கேக்குறீகளா? அன்னைக்குச் சத்தமாத்தான சொன்னீங்க, இன்னைக்கும் சத்தமாச் சொல்லுங்கங்கிறா.

காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க தம்பி. எந்திரிச்சு நின்னாத்தான் பின் சீட்டு வரைக்கும் கேக்கும்.